ஆஸ்பத்திரியில் நாங்கள் பிடித்த நெரை

என்னைத் தேடி வருகிற பெண்கள் யாரும் வந்த காரியத்தை நேராகச் சொல்வதில்லை. மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது என்பார்கள். சாமை எப்படி என்பார்கள். தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், மறுபடியும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கடைசியில் நானே கேட்டுவிடுவேன், "எந்தப் பக்கம்?" என்று. அதற்குப் பிறகுதான் கை மெதுவாக மாராப்புக்குப் போகும். குண்டனி நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரக்கரை நாட்டிலிருந்து ஒருத்தி மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தாள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

என் பெயர் நல்லாயி. கொல்லிமலையில் வாழவந்தி நாடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். மலைமேல் ஒரு வாத்தியார் கொஞ்ச காலம் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள். நான்காம் வகுப்புக்குள் அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே போய்விட்டார். அந்தக் கொட்டகையில் மாடு கட்டினார்கள். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் அது வாத்தியாரைச் சேர்ந்தது, என்னைச் சேர்ந்தது அல்ல.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். களையெடுப்பில் எங்கள் நாட்டில் என்னை முந்தியவள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. களையெடுக்கப் போகிறவர்கள் சாமைக் காட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்போம். அந்த வரிசைக்கு நெரை என்று பெயர். ஆளுக்கு ஒரு பட்டை நிலம். குனிந்தால் மறு ஓரம் போய்த்தான் நிமிர்வது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மறு ஓரம் சேர்ந்தவள் உட்கார்ந்து வெற்றிலை போடக்கூடாது. இருப்பதிலேயே பின்தங்கியவள் யார் என்று பார்த்து, அவளுடைய பட்டையின் மறுமுனையில் இறங்கி, அவளை நோக்கி எதிராகக் களையெடுத்து வரவேண்டும். இரண்டு பேரும் நடுவில் சந்திக்கிறபோது அந்தப் பட்டை முடியும். எல்லாப் பட்டையும் முடிந்த பிறகுதான் சோறு. எதிரே போவது பெருமை. எதிரே ஆள் வரும்படி ஆவது கொஞ்சம் வெட்கம். இருபது வருஷம் நான் எதிரே போனவள். எனக்கு எதிரே எவளும் வந்ததில்லை.

இந்த ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில் ஒன்று. தை மாதம் குளிக்கிறபோது வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவுதான். வலி இல்லை. வலி இல்லாததால் நான் ஏமாந்தேன். முள் குத்தினாலே வலிக்கிறதே, வலிக்காத ஒன்று நம்மை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுத ஆசைப்படுகிறேன். வலிக்காத கட்டிக்குத்தான் பயப்படவேண்டும். ஆனி மாதத்துக்குள் அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே தோல் ஓரிடத்தில் உள்வாங்கிக் குழிந்தது. பச்சிலை அரைத்துக் கட்டினோம். பச்சிலையை நான் குறை சொல்லமாட்டேன், அதே பச்சிலைதான் என் மாமனாரின் கால் புண்ணை ஆற்றியது. இந்தக் கட்டியிடம் அது தோற்றுப்போயிற்று.

அம்மை குத்த மலைக்கு வந்த உத்தியோகஸ்தர்தான் கீழ்நாட்டில் பெண்களுக்கென்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டரும் பெண்தான், உடனே போங்கள் என்றார். என் வீட்டுக்காரர் பொன்னுசாமி அதிகம் பேசமாட்டார். அவர் நான்கு ஆட்களைப் பிடித்து, நடக்க முடியாதவர்களைத் தூக்குகிற டோலியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"காலுக்கு என்ன வந்துருச்சுன்னு டோலி கொண்டாந்தீங்க?"

"ஆத்தர அவசரத்துக்கு வச்சிருக்கட்டும் புள்ள."

"அப்ப மூட்டையத் தூக்கி வையுங்க. அதுக்குத்தான் காலில்ல."

என் துணிமூட்டையும் சாமை அரிசியும் டோலியில் சொகுசாக உட்கார்ந்து வந்தன. நான் முன்னால் நடந்தேன். அடிவாரம் வரைக்கும் நான்கு ஆட்களும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெள்ளைக்காரி. தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். சந்தைக்குப் போகிறவளிடம்கூட மேடையில் பேசுகிற மாதிரி பேசுவார். என் மார்பையும் அக்குளையும் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார், கட்டியில் இரண்டு வகை உண்டு, ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கும், இன்னொன்று வேர் விடும், அதற்குப் புற்று என்று பெயர். தொட்டுப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி எடுப்பார்கள். அதைச் சீசாவில் மருந்து நீரில் போட்டுச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துத் தபாலில் எழுதுவார்கள். அதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

வெட்டுகிறபோது வலிக்கவில்லை. யாரோ துணியை இழுத்துத் தைப்பது மாதிரி இருந்தது. அது முடிந்ததும் நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு வந்து வீட்டுக்காரரிடம் மூட்டையை எடுக்கச் சொன்னேன். வெட்டியாயிற்றே, இனி என்ன? டாக்டரம்மா பின்னாலேயே ஓடிவந்தார்.

"நல்லாயி அம்மாள், இது சிகிச்சை அல்ல, சோதனை. தாங்கள் இங்கே தங்கவேண்டும்."

தாங்கள் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே தங்கலாம் என்று தங்கினேன்.

வார்டின் கோடியில் சன்னல் ஓரமாக மூன்று கட்டில். மூன்றிலும் என்னைப்போலத் துண்டு கொடுத்துவிட்டுத் தபாலுக்குக் காத்திருந்தவர்கள். ஒரு கட்டில் எனக்கு. அடுத்தது ராசம்மாளுக்கு. பள்ளிக்கூட வாத்தியாரின் சம்சாரம், மெலிந்த உடம்பு, முப்பது வயது இருக்கும், எதற்கும் மெல்லச் சிரிப்பாள். மூன்றாவது கட்டிலில் பாவாயி அக்கா. அடிவாரத்து ஊரில் கிணறும் தோட்டமுமாகச் சொந்த நிலம் உள்ள வீடு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். புருஷன் காலமான பிறகு அண்ணனோடு சேர்ந்து பண்ணையம் பார்த்தவள். அவள் குரல் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கேட்கும்.

முதல் நான்கு நாள் நாங்கள் மூன்று பேரும் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை, மாடு, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு, இவற்றைத்தான் பேசினோம். பதினோரு மணிக்குத் தபால்காரர் கேட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். அப்போது பேச்சு நின்றுவிடும். ராசம்மாள் ஜெபம் செய்கிறவள் மாதிரி கையைக் கோத்துக்கொள்வாள். பாவாயி அக்கா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். நான் கட்டில் காலை எண்ணுவேன். நான்கு கால்தான், ஆனாலும் எண்ணுவேன். டாக்டரம்மா அறையிலிருந்து நர்சம்மா வந்து இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் மூச்சு வரும். மூச்சு வந்ததும் மறுபடியும் மாட்டைப் பற்றிப் பேச்சு.

ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு வேலை செய்கிறவர்களை நான் காட்டில்கூடப் பார்த்ததில்லை. எழுந்து நின்று, களையெடுப்பு முறையை இரண்டு பேருக்கும் சொன்னேன்.

"நாம மூணு பேரும் நெரை புடிக்கலாமுங்க. யாருக்கு முதல்ல முடிவு வந்தாலும் அவ ஊட்டுக்கு ஓடப்படாது. மத்தவளுக்கு வார வரைக்கும் இருக்கோணும். முன்னால போனவ திரும்பி எதுக்கால வந்து, பின்னால இருக்கறவகிட்ட அங்க என்ன இருக்குதுன்னு சொல்லோணும்."

பாவாயி அக்கா சிரித்தாள். "எங்க தோட்டத்துல ஆளுங்கதான் களை எடுப்பாங்க. நான் வரப்புல நிப்பேன்."

"இங்க வரப்பு இல்லீங்களே. இறங்கித்தான் ஆகோணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மலைக்காரி ஒருத்தி தனக்கு வேலை சொல்கிறாளே என்று நினைத்திருப்பாள். ஆனால் மறுநாள் தபால்காரர் வந்தபோது வெற்றிலைக் காம்பைப் போட்டுவிட்டு, என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். ராசம்மாளும் வந்தாள். ஒரே கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்தால் பயம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் எங்கள் தலை நிமிர்ந்து இருந்தது.

எட்டாம் நாள் ராசம்மாளுக்கு முடிவு வந்தது. கெடுதல் இல்லாத கட்டி, வேர் விடாதது. அவள் அழுத அழுகையைப் பார்த்து நாங்கள் முதலில் தப்பாக நினைத்துவிட்டோம். மறுநாள் அவள் வீட்டுக்காரர் வாடகை வண்டியோடு வந்துவிட்டார். ராசம்மாள் வாசலில் நின்று அவரிடம், "நீங்க போங்க, நான் சொல்லி அனுப்பறப்ப வாங்க" என்றாள். ஏன் என்று கேட்டார். "நான் ஒரு நெரையில இருக்கேன்" என்றாள். வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. சம்சாரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நர்சம்மாவிடம் போய்க் கேட்டாராம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத அந்தப் பெண் அன்றைக்குப் பேசியதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

பதினேழாம் நாள் எனக்கும் பாவாயி அக்காவுக்கும் ஒரே தபாலில் வந்தது. டாக்டரம்மா எங்களைத் தம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் நாற்காலி போட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் புற்றுதான். ஆனால் வேர் தூரம் போகவில்லை, இப்போதே எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். எதை எடுப்பது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மார்பு முழுவதையும், அதன் அடியில் இருக்கிற தசையையும், அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்கவேண்டும். முதலில் வியாழக்கிழமை எனக்கு, அடுத்த திங்கட்கிழமை பாவாயி அக்காவுக்கு.

வார்டுக்குத் திரும்பி வந்தோம். என் முகத்தை அக்கா பார்க்கக்கூடாது என்று நான் முன்னால் வேகமாக நடந்தேன். எதற்கும் பயப்படாத பாவாயி அக்கா அன்றைக்குப் பயந்தாள். கட்டிலில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"கையி வராதாமே புள்ள. அந்தத் தசையை எடுத்துட்டா கையி தூக்க வராதுன்னு அக்கட்டால வார்டுல ஒருத்தி சொல்றா. என்ற ஊட்டுல கையில்லாதவளுக்கு என்ன வேலை? மூலையில உக்கார வச்சு சோறு போடுவாங்க. அதுக்கு இப்படியே போயிரலாம்."

"நான் முன்னால போறேன் அக்கா. வியாழன் போயிட்டு, எதுக்கால வந்து சொல்றேன். வலி எப்படி, பாத்தா எப்படி இருக்குது, கை வருதா வரலையா, மூணும் சொல்றேன். அதுக்கப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க."

"மெய்யாச் சொல்லுவியா?"

"நெரையில பொய் சொன்னா களை அங்கயே நின்னு காட்டிக் குடுத்துருமுங்க."

சத்தியம் செய்தமாதிரிதான். ஆபரேஷன் வேண்டாம் என்று அவள் போய்விட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம், அதுவும் நல்ல வருஷங்களாக இருக்காது. அவளுடைய உயிர் நான் சொல்லப்போகிற பதிலில் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் என்னைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கில் ஒரு வலைக்கூடு வைத்து, அதன்மேல் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எண்ணச் சொன்னார்கள். இனிப்பும் எரிச்சலுமாக ஒரு வாடை. பத்துக்கு மேல் யாரும் எண்ணுவதில்லையாம். நான் பதினேழு வரை எண்ணினேன். நர்சம்மாவே சொன்னார். பதினெட்டு எனக்கு நினைவில்லை.

விழித்தபோது நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்து இறுக்கிக் கட்டியமாதிரி இருந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு ரப்பர்க் குழாய், உள்ளே ஊறுகிற நீர் வெளியே வர. குமட்டிக் குமட்டி வந்தது. ராசம்மாள் துணியை நனைத்து என் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். பாவாயி அக்கா கட்டில் காலடியில் நின்று என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பேச வரவில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்தேன்.

வலிக்குப் பதில் மறுநாள் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். "ரொம்பப் பெரிய வலி. பிள்ளை பெத்தவளுக்குத் தாங்கற வலிதான்." பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்குச் சனிக்கிழமை கட்டுப் பிரித்தபோது அவளையே கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நான் பிடிவாதம் பிடித்தேன். தோள் பக்கத்திலிருந்து விலா வரைக்கும் தட்டையாக, சாய்வாக ஒரு தையல். பாவாயி அக்கா முகத்தைத் திருப்பவில்லை. "மூட்டை தெச்ச மாதிரி இருக்குது" என்றாள். ராசம்மாள் சிரித்துவிட்டாள். இரண்டு பதில் ஆயிற்று.

மூன்றாவதில்தான் என் புத்தி கெட்டது. ஞாயிற்றுக்கிழமை. பாவாயி அக்காவின் அண்ணன் அவளைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்திருந்தார். மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். அவள் என் கட்டிலுக்கு வந்து, "கையி?" என்று மட்டும் கேட்டாள். என் கை வரவில்லை. முழங்கை நெஞ்சோடு ஒட்டியே கிடந்தது. சோறு வாய்க்குப் போகவே இடது கைதான். ஆனால் நான் வாழவந்தி நாட்டு நல்லாயி. எதிரே வருகிறவள் வெறுங்கையோடு வருவதா? "பாருங்க" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை ஒரே வீச்சாகத் தூக்கினேன்.

தலைக்கு மேலே போயிற்று. உள்ளே ஏதோ சீலை கிழிகிறமாதிரி பிரிந்தது. கட்டு சிவப்பானது, சிவப்பு இடுப்பு வரைக்கும் இறங்கியது. நர்சம்மா ஓடிவந்தார், டாக்டரம்மா ஓடிவந்தார். நான்கு தையல் விட்டுப்போயிற்று. மறுபடியும் தைத்தார்கள், இந்த முறை விழித்திருக்கும்போதே.

"தாங்கள் ஒரு மூடர், நல்லாயி அம்மாள்" என்றார் டாக்டரம்மா. திட்டும்போதும் தாங்கள்தான்.

தையல் முடிந்து கண்ணைத் திறந்தால் பாவாயி அக்காவின் கட்டில் காலி. பாய் சுருட்டியிருந்தது. ராசம்மாள் சன்னலைக் காட்டினாள். "போகாதீங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கலை." வேப்பமரத்தடியில் அண்ணன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். ராசம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு, வராந்தா, ஐந்து படி. மலையிலிருந்து இறங்கியபோது டோலியில் ஏறாதவளுக்கு அந்த ஐந்து படி மலையாகத் தெரிந்தது. வண்டியின் பின்பக்கம் போய் நின்றேன். பாவாயி அக்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா. கை வரல. பொய் சொன்னேன்."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"எனக்கே பயமாத்தான் இருக்குது. இனிமே வருமான்னு தெரியல. டாக்டரம்மா பாதிக்குமேல வரும்ங்கறாங்க. முழுசா வராதாம். அதை உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எதுக்கால வாரவ தோத்துட்டு வரப்படாதுன்னு நெனச்சிட்டேன்."

அண்ணன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். படி இறங்கியதில் என் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்திருந்தது. இடது கையால் ஒதுக்கினேன், மறுபடியும் விழுந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெட்டியபோதும் தைத்தபோதும் வராத அழுகை, முடிக்கு வந்தது.

"ஒத்தக் கையில கொண்டை முடிய வரமாட்டேங்குது அக்கா. நீங்க போயிட்டா எனக்கு யாரு முடிஞ்சு விடுவா?"

ராசம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் புத்திசாலித்தனத்துக்கு ஈடு கிடையாது.

பாவாயி அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். என் பின்னால் வந்து நின்று, முடியை அள்ளி, முறுக்கி, நறுக்கென்று ஒரு கொண்டை போட்டாள். கோபத்தோடு போட்டதால் தலை விண்ணென்று வலித்தது.

"அண்ணா, மாட்ட அவுத்துக் கட்டுங்க" என்றாள். பிறகு என் காதருகில், "இனி ஒரு பொய் சொன்னீன்னா மொட்டை அடிச்சு உட்ருவேன்."

"சரிங்க."

அந்தச் சரிங்கவை நான் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள். ஒன்பது வரைக்கும்தான் எண்ணினாளாம். விழித்தபோது அவள் உதட்டில் துணி நனைத்து வைத்தது நான்தான், இடது கையால். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "அம்மிக்கல்லுன்னு சொன்னியே, இது ஆட்டாங்கல்லு" என்றாள். அவள் பிழைத்துவிடுவாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

தையல் ஆறியதும் கைக்குப் பயிற்சி தொடங்கியது. சுவர் பக்கத்தில் நின்று விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுகிறமாதிரி ஒவ்வொரு விரலாக மேலே ஏற்றவேண்டும். எட்டிய இடத்தில் கோடு போடவேண்டும். ராசம்மாள் வீட்டுக்குப் போகிற அன்று வாத்தியாரின் சுண்ணக்கட்டி இரண்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். என் கோடு எப்போதும் பாவாயி அக்காவின் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேதான் இருந்தது. அவள் குதிகாலை உயர்த்திக் கள்ளக்கோடு போட்டதை நான் இரண்டு தடவை பிடித்தேன்.

என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் மலையிறங்கி வருவார். தேனும் கொய்யாவும் சாமைச் சோறும் மூன்று பேருக்கும் கொண்டுவருவார். டாக்டரம்மா கட்டணம் என்று வற்புறுத்தவில்லை. இவர் ஒரு மூட்டை மிளகை யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இறக்கிவிட்டார், அத்தோடு சரி. தழும்பை முதல் முதலாக அவரிடம் காட்டினேன். அவர் நன்றாகப் பார்த்தார். "தையல் ஒழுங்கா இருக்குது" என்றார். பிறகு, "காட்டுல களை முழங்காலுக்கு வந்துருச்சு, சீக்கிரம் வா கண்ணு" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறு வருஷம் ஆடி. மலையில் சாமை முளைத்து நின்றது. டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை போய்க் காட்டியாயிற்று, வேர் எங்கும் இல்லை என்றார். என் கை தோளுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் வந்தது. நான் நெரையில் போய் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

பாதிப் பட்டை வரைக்கும் சமாளித்தேன். அதற்குப் பிறகு கை கனத்தது, விரல் மரத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் என் இரண்டு பக்கமும் ஆள் இல்லை. எல்லோரும் மறு ஓரம் போய் நின்றிருந்தார்கள். முறைப்படி யாராவது ஒருத்தி என் பட்டையில் எதிராக இறங்கவேண்டும். என் வாய்க்குப் பயந்து ஒருத்தியும் இறங்கவில்லை. உட்காரவும் கூடாது, இறங்கவும் பயம். அத்தனை பேரும் கொக்கு மாதிரி நின்றார்கள். நான் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் காது எரிந்தது.

அப்போது மறுமுனையில் யாரோ இறங்கும் சத்தம். பெருமூச்சும் முனகலுமாக ஒருத்தி. நிமிர்ந்து பார்த்தேன். பாவாயி அக்கா. ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்கு மலையேறி வந்தவள், வளைவுக்கு வளைவு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, என் வீட்டில் நான் இல்லை என்றதும் விசாரித்துக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஜென்மத்தில் வரப்பை விட்டு இறங்காதவள், இடது கையால் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். நெரை முழுவதும் வாயைப் பிளந்து பார்த்தது.

நானும் குனிந்து எடுத்தேன். அவள் அந்தப் பக்கமிருந்து, நான் இந்தப் பக்கமிருந்து. நடுவில் சந்தித்தோம். அவள் கையில் ஒரு பிடி இருந்தது.

"அக்கா, அது சாமை."

"எது?"

"உங்க கையில இருக்கறது."

அவள் கையைப் பார்த்தாள், திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தாள். அவள் வந்த வழி முழுவதும் களை நின்றது, சாமை படுத்துக்கிடந்தது.

"அப்ப நிக்கறதெல்லாம் களையா?"

"ஆமாங்க."

"முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள், அந்தக் குரலுக்கு மலை திருப்பிக் குரல் கொடுத்தது. அவிழ்ந்திருந்த என் கொண்டையை அங்கேயே நின்று முடிந்துவிட்டாள். எனக்கு எதிரே எவளும் வந்ததில்லை என்று மேலே எழுதினேன். அது அன்றைக்கு வரைக்கும் உள்ள கணக்கு. எனக்கு எதிரே வந்தவள் ஒருத்தி உண்டு, அவள் இந்தப் பாவாயி. எதிரே போனதைவிட அதுதான் எனக்கு இன்றைக்குப் பெரிய பெருமை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களே, மிளகையும் சாமையையும் விசாரித்துப் பொழுதைப் போக்காதீர்கள். வலிக்கும், தாங்கலாம். தழும்பு மூட்டை தைத்தமாதிரி இருக்கும். கை முழுவதும் வராது, முக்கால்வாசி வரும். கட்டி வலிக்காவிட்டால் அன்றைக்கே மலையிறங்குங்கள். தனியாக இறங்கவேண்டாம், நான் கூட வருகிறேன். டோலி வேண்டுமானால் மூட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏழு வருஷம் ஆகிறது. பாவாயி அக்கா ஒவ்வோர் ஆடிக்கும் மலையேறி வருகிறாள், நேராகக் காட்டுக்குத்தான் வருகிறாள். சாமை எது களை எது என்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. என் பட்டையைத் தவிர வேறு பட்டையில் அவளை இறக்க ஊர் சம்மதிக்காது. என் வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. விதைக்கிற காலத்தில் அந்த ஒரு பட்டையில் மட்டும் சாமையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூவிவிடுகிறார்.